வில்பிரட்டின் ஜப்பான் பாட்டு

வில்பிரட்டுக்குக் குரல் இல்லை என்று எவனாவது சொன்னால், அவன் ஷார்ஜா கடலோரத்தில் இருக்கிற அந்தத் தண்ணீர் பிளாண்டுக்குள் காலை நேரத்தில் காலெடுத்து வைத்ததே இல்லை என்று அர்த்தம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற இடம் அது. ஆளுயரப் பம்புகள் வரிசையாக நின்று இரைகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலுக்கு மேலே வலது கையை நீட்டி, சுட்டுவிரலால் வால்வைக் காட்டி, "இன்லெட் வால்வு, ஓப்பன், யோஷி!" என்று வில்பிரட் கூவினால், கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பழனிச்சாமிக்குக் கேட்கும். அவனும் விரலை நீட்டி "யோஷி!" என்று திருப்பிக் கூவுவான்.

யோஷி என்றால் ஜப்பான் பாஷையில் சரி என்று அர்த்தம். பிளாண்டை நடத்துவது ஜப்பான்காரர்கள். கண்ணால் பார்த்ததை விரலால் காட்டி வாயாலும் சொல்லிவிட்டால் தப்பு நடக்காது என்பது அவர்கள் வழக்கம். நம் ஆட்கள் முதலில் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. எவ்வளவு பழகிற்று என்றால், பழனிச்சாமி தொழிலாளர் கேம்பில் கேஸ் அடுப்பை அணைத்தாலும் விரலை நீட்டாமல் திரும்ப மாட்டான்.

மானேஜர் பெயர் நிஷிமுரா. எல்லோரும் மரியாதையாக 'சான்' ஒட்டி நிஷிமுரா சான் என்பார்கள். அவர் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் "ஸ்டாப்" என்று கத்தி வேலையை நிறுத்தலாம். சந்தேகம் பொய்யாய்ப் போனாலும் நிறுத்தியவனைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை மீறி அங்கே யாரும் சிரித்ததில்லை. பாகிஸ்தானி டிரைவர்கள் உட்பட.

இப்பேர்ப்பட்ட இடத்தில் இப்பேர்ப்பட்ட குரலோடு இருந்த வில்பிரட்தான் ஒரு பாட்டுக்குப் பயந்துகொண்டு பதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னதை வீட்டிலும் சொல்லவில்லை. மனுஷனை என்ன செய்வது!

விஷயம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஷார்ஜா முவைலாவில் இருக்கிற அவர் வீட்டில் வெடித்தது. நவம்பர் மாதம். ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைக்கிற அருமையான பருவம். கோயிலுக்குப் போய் பூசை கண்டுவிட்டு வந்து, எலிசா மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, சாளைமீன் கறியைத் தேங்காய் அரைத்துக் கூட்டி இறக்கியிருந்தாள். எலிசா கிளினிக்கில் நர்ஸ். வில்பிரட்டும் அவளும் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரே கடற்கரை ஊர், ஒரே கோயில். மகள் அஜிஷா பன்னிரண்டாம் வகுப்பு. பக்கத்து கேம்பிலிருந்து பழனிச்சாமி சாப்பிட வந்திருந்தான். தாராபுரத்துக்காரன்; மீன் கறியை இந்த வீட்டில்தான் பழகினான்.

"ஏனுங்கக்கா, கறி சும்மா சொல்லக்கூடாதுங்க," என்று விரலைச் சூப்பினான் பழனிச்சாமி. "அண்ணன் ருவைஸ் போயிட்டா இதையெல்லாம் எங்கீங்க போயித் திங்கறது?"

எலிசாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது.

"ருவைஸா? ஆரு ருவைஸ் போறா?"

பழனிச்சாமி வில்பிரட்டைப் பார்த்தான். வில்பிரட் கிழங்கைப் பார்த்தார்.

"அது வந்துங்க்கா... ஹான்ச்சோவா இருந்த உமாபதி அண்ணன் முடிச்சுட்டு ஊருக்குப் போறாருங்ளே. ஹான்ச்சோன்னா எங்க குழுவுக்குத் தலைவருங்க. அந்த எடத்துக்கு நிஷிமுரா சான் நம்ம அண்ணனத்தான் கேட்டாருங்க. அண்ணன் மாட்டேன்னு சொல்லிப்போட்டாரு. ஹான்ச்சோ ஆகாத சீனியருங்கள எல்லாம் அபுதாபிக்கும் அந்தப் பக்கம் இருக்கற ருவைஸ் பிளாண்டுக்கு மாத்தறாங்களாம். அங்க கேம்புதானுங்க, பேமிலி மாஃபி, கூட்டிட்டுப் போக முடியாது." அவ்வளவையும் கொட்டிவிட்டு, "அக்காளுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க," என்று முடித்தான்.

"இஞ்ச பாருங்க," என்றாள் எலிசா. குரல் உயரவில்லை, அதுதான் ஆபத்து. "நீங்க மாட்டேன்னு பறஞ்சாச்சா?"

"பறஞ்சேன்."

"என்னத்துக்கு?"

"பாடணுமாக்கும்."

"என்னது?"

"பாட்டு. வருசக் கடைசி பார்ட்டியில ஹான்ச்சோ ஆவப்போறவன் எல்லார் முன்னாலயும் நின்னு பாடணும். அது நிஷிமுரா சானுக்க வழக்கம். முன்னால நிக்கவனுக்க சத்தம் எல்லாருக்கும் கேக்கணுமாம். அவருக்க கராஒகே மிஷின்ல ஜப்பான் பாட்டு மட்டுந்தான் உண்டு. உமாபதி அப்பம் ஜோரா பாடினான். என்னால முடியாது. அவ்வளவுதான்."

எலிசா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பதினெட்டு வயசுல நீங்க கப்பலுக்குப் போனீங்க. பெறவு சவுதி. கெட்டினதுக்குப் பெறவும் லீவுக்கு லீவுதான் ஒங்க மொகம் பாத்தேன். இந்த முவைலாவுக்கு வந்த பெறவுதான் நாம மூணுபேரும் ஒரு சட்டியில கஞ்சி குடிக்கோம். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, அதுக்குப் பயந்து எனக்க குடும்பத்த ரெண்டா வெட்டிட்டு வந்து கெழங்கு திங்குதீரா?"

'நீங்க' போய் 'நீர்' வந்துவிட்டது. பழனிச்சாமி தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல அடுக்களைப் பக்கம் நகர்ந்தான்.

"ஒனக்குத் தெரியாதா?" என்றார் வில்பிரட். "கோயில்ல நடந்தது ஒனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன. ஊர் முழுக்கத் தெரியும். பதினாலு வயதில், பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நேரத்தில் வியாகுலப் பாட்டைத் தனியாகப் பாட வில்பிரட்டை நிறுத்தினார்கள். குரல் உடைகிற வயது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே ஏறுகிற இடத்தில் தொண்டை கீச்சென்று பிளந்தது. நிறுத்தத் தெரியாமல் பையன் அந்தப் பிளந்த குரலிலேயே கடைசிவரை பாடினான். அழ வேண்டிய கோயில் சிரித்தது. அன்றிலிருந்து பூசையில் எல்லோரும் பாடும்போது வில்பிரட்டின் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது.

"தெரியும். நானும் சிரிச்சேன்," என்றாள் எலிசா. "பாட்டுக்குழுவுல முன்வரிசையில நின்னு சிரிச்சேன். சிரிச்சவதானே இந்தச் சத்தக்காரன்தான் வேணும்னு கெட்டினேன்? அதுக்கு இப்பம் என்ன?"

வில்பிரட் கை கழுவ எழுந்து போனார்.

இவ்வளவு நேரமும் போனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்த அஜிஷா தலையைத் தூக்கினாள். ஜப்பான் கார்ட்டூன் பார்த்துப் பார்த்தே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்ட பிள்ளை, எழுத்தும் படிப்பாள். இத்தனை நாள் இந்தப் பைத்தியம் எதற்கு உதவும் என்று எலிசா திட்டாத நாள் கிடையாது.

"அப்பா, லிஸன். இங்க ஒரு பேஜ் இருக்கு. 'பாடுறதுக்குக் கான்ஃபிடன்ஸ் இல்லாத ஆண்களுக்கு ஈஸியான கராஒகே பாட்டுகள்'. சீரியஸ்லி, அதான் டைட்டிலே."

"ஒலகத்துல இப்பிடியும் ஆம்பளைங்க உண்டா?" என்றாள் எலிசா.

"ஜப்பான்ல எக்கச்சக்கம்மா. ஆபீஸ் பார்ட்டின்னா எல்லாரும் பாடணும். பாதிப்பேருக்கு பயம். கீழ கமெண்ட்ஸ் பாரு, ஒருத்தர் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுட்டாராம்."

வில்பிரட் ஈரக்கையோடு திரும்பி வந்தார். "பாத்ரூம்லயா?"

"யெஸ்."

"பாவம் மனுசன்," என்று சொல்லிக்கொண்டே மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன்னைப்போல ஒரு நாடு நிறைய ஆண்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். உள்ளபடியே முகம் தெளிந்தது.

அஜிஷா படித்துப் படித்துச் சொன்னாள். மேலே கீழே ரொம்பப் போகாத பாட்டாக எடு. வேகமான பாட்டு வேண்டாம். பேசுகிற மாதிரி வருகிற பாட்டு நல்லது. கடைசியில், "கீயை இறக்கிக்கலாம்ப்பா. மிஷின்ல பட்டன் இருக்கும். பாட்டோட ஸ்ருதியே இறங்கி நம்ம தொண்டைக்கு வந்துடும். அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்கு."

"எறக்கலாமா? பாட்டுக்காரன் கோவிக்க மாட்டானா?"

"அவருக்குத் தெரியவே தெரியாது."

"அந்தக் காலத்துல கோயில் ஆர்மோனியத்துல இந்தப் பட்டன் இல்லாம போச்சே!" என்றார் வில்பிரட். எலிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் அத்தனை லேசில் விட்டுக்கொடுக்கிற சரக்கில்லை.

மறுநாள் வில்பிரட் நிஷிமுரா சானிடம் போய், பார்ட்டி வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டார். அவர் ஒரு நிமிஷம் இவர் முகத்தைப் பார்த்தார். "வெயிட். நோ ப்ராப்ளம். பார்ட்டி வரைக்கும் ருவைஸ் மாஃபி," என்றார். நாற்பது வருஷம் தேசாந்திரம் பண்ணிய மனுஷர். அரபி இந்தி எல்லாம் ஒரு பிடி வைத்திருந்தார்.

அஜிஷா தேர்ந்தெடுத்தது ஒரு பழைய மெதுவான பாட்டு. வேலை முடிந்து வருகிற ஒருத்தன் தெருவில் நின்று, தன் வீட்டு அடுக்களையில் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்க்கிறான். எரிகிறது. அவ்வளவுதான் பாட்டு. பாதி, பேச்சு மாதிரியே போகும். நடுவில் ஒரு வரி மட்டும் மேலே ஏறும். அந்த வரிக்காகத்தான் கீயை நாலு படி இறக்க வேண்டும் என்று மகள் கணக்குப் போட்டாள். வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அர்த்தத்தையும் சொல்லிக்கொடுத்தாள்.

"லைட்டு எரியுதான்னு பாக்க என்னத்துக்கு ஒரு பாட்டு?" என்றார் வில்பிரட்.

"ருவைஸ் கேம்புல இருந்து பாத்தா தெரியும் என்னத்துக்குன்னு," என்று அடுக்களையிலிருந்து எலிசா சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒழுங்காகப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். எங்கே எடுப்பது? அதுதான் பாடு. கல்ஃபில் ஒரு மனுஷன் தனியாக வாய்விட்டுக் கத்த இடம் ஏது! பாத்ரூமில் பாடிப் பார்த்தார். எக்ஸாஸ்ட் வழியாகச் சத்தம் மாடிக்குப் போய், மேல்வீட்டு ரஹீமா பீவி போன் செய்து, "எலிசாம்மா, சாருக்குப் பல்லு வலியா? எங்க வூட்ல கிராம்புத் தைலம் இருக்கு, அனுப்பவா?" என்று கேட்டாள்.

பிறகு காரில். விடியற்காலை மூடுபனியில், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாமல் ரோடே ஊர்ந்துகொண்டிருக்கும். வில்பிரட் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாடுவார். பக்கத்துச் சீட்டில் பழனிச்சாமி கன்னத்தில் கை வைத்துக் கேட்பான்.

"எப்பிடி இருக்கு?"

"வார்த்தையெல்லாம் மணி மாதிரி வருதுங்ண்ணா."

"பாட்டு?"

"வார்த்தை நல்லா வருதுங்ண்ணா," என்றான் மறுபடியும்.

"போடே!"

"இல்லீங்ண்ணா, நெசமாச் சொல்றேன் கேளுங்க. பிளாண்ட்ல கூவறப்ப உங்க சத்தம் வவுத்துல இருந்து வருது. இங்க மூக்குல இருந்து வருது. யாரோ அடிக்க வர்றாப்ல பாடறீங்க. ஆருங்க அடிக்கப் போறா?"

வில்பிரட் கேட்காதது மாதிரி வைப்பரைத் தட்டிவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாளிலிருந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு பாடினார். ஏறுகிற வரி கூட இறக்கின கீயில் தடங்கல் இல்லாமல் வந்தது. டிசம்பர் பிறந்தபோது அஜிஷா கை தட்டினாள். எலிசா தட்டவில்லை, மீன் பொரித்துக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள், அவளுக்கே தெரியாமல்.

பார்ட்டி துபாய் தேராவில் ஒரு ஹோட்டல் ஹாலில், வெள்ளிக்கிழமை மதியம். ஜன்னலுக்குக் கீழே க்ரீக்கில் படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் பிரியாணி, இன்னொரு பக்கம் சோற்று உருண்டை மேல் பச்சை மீன். பழனிச்சாமி அந்த மீனை வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு, "வெந்ததும் வரேனுங்க," என்று பிரியாணிப் பக்கம் போய்விட்டான். ஜப்பான்காரர்கள் வரிசையாகப் பாடினார்கள். ஒருத்தன் பாட்டு பிரமாதம். ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு பாடின பாட்டில் ஸ்ருதியும் இல்லை தாளமும் இல்லை. ஆனாலும் கை தட்டினார்கள்.

"வில்பிரட் சான்!" என்று நிஷிமுரா மைக்கை நீட்டினார்.

வில்பிரட் எழுந்து போனார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. அவருக்கு அது படிக்கத் தெரியாது, நெஞ்சில் இருந்தது. முதல் இரண்டு வரி சரியாகத்தான் போயிற்று. ஆனால் ஏதோ இடிக்கிறது. இசை எங்கேயோ மேலே நிற்கிறது, தான் கீழே தேடிக்கொண்டிருக்கிறோம். அட கடவுளே, கீ! வீட்டில் எப்போதும் அஜிஷா போனிலேயே இறக்கி வைத்துவிடுவாள். இவர் பாடுவதோடு சரி. இங்கே யாரும் இறக்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அந்த வரி வந்தது. வில்பிரட் ஏறினார். தொண்டை கீச்சென்று பிளந்தது.

அதே சத்தம். பதினாலு வயதில் கேட்ட அதே சத்தம்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வில்பிரட்டின் காலுக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. பாத்ரூமில் ஒளிந்த அந்த ஜப்பான்காரனை ஒரு கணம் நினைத்தார். ருவைஸை நினைத்தார். எலிசா அடுப்படியில் முணுமுணுத்ததை நினைத்தார். அப்புறம் அவர் நினைத்து எதையும் செய்யவில்லை. இத்தனை வருஷம் உடம்பில் ஊறின பழக்கம் தானாக எழுந்தது. கையை நீட்டி, சுட்டுவிரலால் மிஷினைக் காட்டி, பம்புக் கூடத்தில் கூவுகிற குரலில் கூவினார்:

"ஸ்டாப்!"

மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த நிஷிமுரா சான் யோசிக்கவே இல்லை. பட்டென்று பாட்டை நிறுத்தினார்.

"கீ! மைனஸ் நாலு!"

நிஷிமுரா பட்டனை நாலு தடவை அழுத்தினார். பிறகு எழுந்து நின்று, அதே மாதிரி விரலை நீட்டி, "கீ, மைனஸ் ஃபோர், யோஷி!" என்றார்.

"யோஷி!" என்று ஹால் முழுக்க விரலை நீட்டிக் கூவியது. பிரியாணித் தட்டோடு நின்ற பழனிச்சாமி, எலும்பைப் பிடித்த கையாலேயே காட்டினான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வேலையை நிறுத்தினவனைப் பார்த்து அவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்?

பாட்டு மறுபடி முதலிலிருந்து வந்தது. இப்போது இசையே இறங்கி வில்பிரட்டின் தோளருகே வந்து நின்றது. அவர் வயிற்றிலிருந்து பாடினார். தெருவில் நிற்கிறவன் நின்றான். அண்ணாந்து பார்க்கிறவன் பார்த்தான். அந்த வரி வந்தது, ஏறினார், ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார். மூலையில் எவனோ பழக்கதோஷத்தில் "யோஷி!" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரி முடிவிலும் ஹாலே விரலை நீட்டி "யோஷி!" போட்டது. அந்தப் பாட்டைக் கட்டினவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ, நிஷிமுரா சான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பா அழுகையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பாட்டு முடிந்ததும் அவர் மைக் இல்லாமலே, வில்பிரட்டின் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினார்.

"ஹான்ச்சோ, யோஷி!"

கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஹோட்டல்காரனின் அதிர்ஷ்டம்.

பழனிச்சாமியைக் கேம்பில் இறக்கிவிட்டு வில்பிரட் முவைலா வந்தபோது மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. காரை நிறுத்தினார். எலிசா பகலெல்லாம் நான்கு தடவை போன் செய்திருந்தாள், இவர் எடுக்கவில்லை. போனில் சொல்கிற சங்கதியா இது?

லிப்டுக்குப் போகாமல் தெருவிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது மாடியில், வலப்பக்கத்து ஜன்னலில், அடுக்களை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலிசாவின் தலை அங்குமிங்கும் போயிற்று. இந்த விளக்கை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறார், இப்படிப் பார்த்ததே இல்லை. விளக்குக்கு நேராகக் கையை நீட்டினார்.

"அடுக்களை லைட்டு, யோஷி!"

வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். மேலே ரஹீமா பீவி வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்குக் கீழே எலிசாவின் ஜன்னலும் திறந்தது. கையில் அகப்பை.

"என்ன மனுசா, ரோட்டுல நின்னு கூவுதீங்க? போன எடுக்கப்படாதா? என்ன ஆச்சு? ருவைஸா?"

"ருவைஸ் மாஃபி!" என்று வில்பிரட் கூவினார். "கலாஸ்! எல்லாம் முடிஞ்சாச்சு!"

எலிசா அகப்பையைப் பிடித்த கையின் முழங்கையால் கண்ணை ஒருதரம் துடைத்தாள். பக்கத்தில் அஜிஷாவின் தலையும் எட்டிப் பார்த்தது. பிறகு எலிசா அகப்பையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கீழே தெருவில் நிற்கிற தன் புருஷனுக்கு நேராகக் காட்டினாள். பெரிய வெள்ளிக்கிழமை முன்வரிசையில் நின்று சிரித்த அதே குரல்தான், தெருவுக்கே கேட்டது.

"ஆளு வந்தாச்சு, யோஷி! ஏறி வாங்க, கறி ஆறுது."